வில்லங்கம் வினைச்சொல்லில்

செஞ்சிக் கோட்டை யாருடையது என்ற சண்டையில், கோட்டையைவிட அதிகமாக இடிபட்டது செய்தி எழுதும் கலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2025 ஜூலை 11ஆம் தேதி, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு ‘இந்தியாவின் மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற தலைப்பில் 12 கோட்டைகளைத் தன் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சி. கௌரவம் கிடைத்ததில் மகிழ்ச்சி ஒரு பக்கம். ‘தமிழ்நாட்டுக் கோட்டைக்கு மராத்தியப் பெயரா?’ என்ற கோபம் மறுபக்கம்.

இதை வானொலிக்கோ தொலைக்காட்சிக்கோ எழுதுகிறவர் எப்படி எழுதுவார்? ‘மராத்தியர் கோட்டை என்று ஒரு சாராரும், தமிழர் கோட்டை என்று மற்றொரு சாராரும் கூறுவதால் சர்ச்சை வலுத்துள்ளது’ என்று முடித்துவிடுவார். இதற்கு நடுநிலைமை என்று பெயர் வைத்திருக்கிறோம். சோம்பல் என்பதே சரியான பெயர். விசாரித்து அறியக்கூடிய விஷயத்தை அபிப்பிராய பேதமாக்கி நேயர் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

கட்டினார், பிடித்தார், பலப்படுத்தினார், இழந்தார் — இந்த நான்கு வினைச்சொற்களை இடமறிந்து போட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். முதல் அரணை எழுப்பியவர் ஆனந்தக் கோன் என்பது மரபு. அதை மரபு என்றே சொல்ல வேண்டும். பெரிதாக விரித்துக் கட்டியவர்கள் விஜயநகரத்தின் கீழ் ஆண்ட நாயக்கர்கள். அவர்களிடமிருந்து 1649இல் பீஜப்பூர்ப் படை பிடித்தது. 1677இல் சிவாஜி பிடித்து, அரண்களைப் பலப்படுத்தினார். அவர் மகன் ராஜாராம் இங்கே இருந்துகொண்டு மொகலாயரின் நீண்ட முற்றுகையைச் சமாளித்தார். 1698இல் மராத்தியர் கோட்டையை இழந்தார்கள். ஆக, அவர்கள் கையில் இருந்தது 21 ஆண்டுகள்.

இவ்வளவையும் நிதானமாக வாசிக்க ஒரு நிமிஷம் போதும். அதன் பிறகு, தலைப்பைக் கண்டிப்பவர் வாதத்தையும் ஆதரிப்பவர் வாதத்தையும் அவரவர் பெயரோடு சொல்லட்டும். 21 ஆண்டு வைத்திருந்தவர் பெயர் தகுமா என்பது அபிப்பிராயம். அதற்கு இரண்டு பக்கம் உண்டு. ‘சிவாஜி கட்டினார்’ என்பதும், ‘சிவாஜிக்கும் செஞ்சிக்கும் சம்பந்தமில்லை’ என்பதும் பிழை. பிழைக்கு ஏது இரண்டு பக்கம்?

பத்திரிகை வாசகர் சந்தேகம் வந்தால் மேல்வரியைத் திரும்பப் படிக்கலாம். செய்தி கேட்பவரோ அடுப்படி வேலைக்கு நடுவே ஒரே தடவை கேட்கிறார். அவர் காதில் விழுந்த வினைச்சொல்தான் மறுநாள் தெருவில் சரித்திரமாகிறது.

ஆற்காட்டு நவாபோடு பொருது 1714இல் மாண்ட தேசிங்கு ராஜனும் வடக்கிலிருந்து வந்த ராஜபுத்திர வம்சம்தான். அவனைத் தங்கள் பிள்ளையாகவே பாவித்துக் கதைப்பாட்டுக் கட்டியவர்கள் தமிழ் மக்கள். அந்நியப் பெயர் கேட்டு மிரளுகிற ஜனங்கள் அல்லர் இவர்கள். நடந்ததை நடந்தபடி சொன்னால் தாங்கிக்கொள்வார்கள். சொல்லத்தான் ஆள் வேண்டும்.