எண் வந்தது, கடிதம் வரவில்லை

சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் பயணம் செய்வோரில் பெரும்பாலோருக்கு விக்கிரவாண்டி என்பது ஒரு சுங்கச்சாவடி. சுற்றுவட்டார மக்களுக்கோ, அதற்கு அருகே முண்டியம்பாக்கத்தில் 2010-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும்தான் முக்கியம். தனியார் ஸ்கேன் மையங்கள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ளன. கரும்பும் நெல்லும் விளையும் இந்தப் பகுதியின் குடும்பங்களுக்கு 'ஸ்கேன்' என்பது எட்டாத பொருளாக இருந்த காலம் மாறிவிட்டது. அந்த ஸ்கேன் என்ன சொல்கிறது என்பதுதான் இன்னும் எட்டவில்லை.

படத்துடன் தரப்படும் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. அதன் கடைசி வரியில் பெரும்பாலும் ஓர் எண் இருக்கிறது. கதிரியக்க மருத்துவத்தில் இன்று ஏறத்தாழ ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வகைப்பாட்டு முறை உண்டு. மார்பகத்துக்கு பை-ராட்ஸ், தைராய்டுக்கு டை-ராட்ஸ், கல்லீரலுக்கு லை-ராட்ஸ், புராஸ்டேட் சுரப்பிக்கு பை-ராட்ஸ் என்றே ஒலிக்கும் இன்னொன்று. காதால் கேட்பவருக்கு இவற்றில் இரண்டைப் பிரித்தறியவே முடியாது என்பது இந்தப் பெயர்களைச் சூட்டியவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

இவை தேவையற்றவை என்று சொல்ல வரவில்லை. ஆனால், இந்த எண்களில் இரு வகை உண்டு. நெடுஞ்சாலை விபத்தில் தலையில் அடிபட்டவருக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். மூளையின் நடுக்கோடு 5 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருக்கிறதா, ரத்தக்கட்டு 25 மில்லிலிட்டருக்கு மேல் இருக்கிறதா என்பவற்றைக் கொண்டு 1991-இல் வகுக்கப்பட்ட மார்ஷல் வகைப்பாட்டில் அவருக்கு ஓர் இடம் கிடைக்கிறது. அந்த எண்ணைப் படிப்பவர் நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர். படித்த உடனேயே அவர் முடிவெடுக்கிறார். 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவையும் வரம்புக்கு உட்பட்டு அரசே ஏற்கிறது. நோயாளி அந்த எண்ணை அறியாமல் இருப்பதால் இழப்பு ஏதுமில்லை.

இரண்டாவது வகை எண், நோயாளி வீட்டுக்கு எடுத்துச் சென்று, பல மாதங்கள் நினைவில் வைத்திருந்து, தாமே செயல்பட வேண்டிய எண். மார்பகப் பரிசோதனையின் எண் அத்தகையது.

அதன் அளவுகோலைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. 1 என்றால் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. 2 என்றால் கட்டியோ மாற்றமோ இருக்கிறது, ஆனால் தீங்கற்றது. 3 என்றால் பெரும்பாலும் தீங்கற்றது. புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேற்படாது. ஆனால், ஆறு மாதத்தில் மீண்டும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். 4 என்றால் சந்தேகத்துக்குரியது, திசுப் பரிசோதனை தேவை. 5 என்றால் புற்றுநோயாக இருக்க 95 சதவீதமோ அதற்கு மேலோ வாய்ப்பு. 6 என்பது திசுப் பரிசோதனையில் ஏற்கெனவே உறுதி செய்யப்பட்ட புற்றுநோய்.

எஞ்சியிருப்பது 0. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படித்த எவரும் பூஜ்யம் என்றால் 'ஒன்றுமில்லை' என்றே கொள்வர். இங்கோ அதன் பொருள், 'இந்தப் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல இயலாது, மேலும் படம் எடுக்க வேண்டும்' என்பது. விக்கிரவாண்டி ஒன்றியத்துக் கிராமம் ஒன்றில் விவசாயக் கூலி வேலை செய்யும் பெண் ஒருவர் இந்த அறிக்கையைப் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியில் படிக்கும் மகன் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, 'ஜீரோதான் அம்மா' என்கிறான். அவன் படித்தது சரி. புரிந்துகொண்டது நேர் எதிர். அந்த அறிக்கை உறையோடு பீரோவுக்குள் போய்விடும்.

பிரிவு 4-இன் சிக்கல் வேறு. புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 சதவீதத்துக்குச் சற்று மேல் இருந்தாலும் 4; 95 சதவீதத்தைத் தொடும் நிலையில் இருந்தாலும் 4. அதனால்தான் அதை ஏ, பி, சி என மூன்றாகப் பிரித்தார்கள். 4-ஏ என்றால் 10 சதவீதம் வரை. 4-சி என்றால் 50 சதவீதத்துக்கு மேல். பின்னால் நிற்கும் ஓர் எழுத்தில் ஒரு குடும்பத்தின் உறக்கம் அடங்கியிருக்கிறது.

எண்ணைத் தவறாகப் படிப்பதால் என்ன நேரும் என்பதை 2021-ஆம் ஆண்டு கோடையில் நாடே கண்டது. கரோனா இரண்டாம் அலையில் 'எனக்கு 25-க்கு 12', 'அவருக்கு 18' என்று நுரையீரல் மதிப்பெண்கள் தேர்வு முடிவுகளைப் போல கைப்பேசிகளில் உலவின. நுரையீரலின் ஐந்து மடல்களுக்கும் தலா 5 என்ற கணக்கில் 25 வந்தது. வேறொரு முறையில் மொத்தம் 40. இவற்றோடு, நெதர்லாந்தில் 2020-இல் உருவான கோ-ராட்ஸ் என்ற எண்ணும் சேர்ந்துகொண்டது. அது நோயின் கடுமையைச் சொல்வதன்று. படத்தில் காண்பது கரோனாவாக இருக்கும் சந்தேகம் எவ்வளவு என்பதை மட்டுமே சொல்வது. லேசான பாதிப்பு உள்ளவருக்கும் கோ-ராட்ஸ் 5 வரலாம். மருத்துவமனைப் படுக்கைக்காக மக்கள் அலைந்த நாள்களில் இந்த வேறுபாட்டை யார் யாருக்கு விளக்கியிருக்க முடியும்?

பை-ராட்ஸ் பிறந்த கதை நமக்கு உதவும். மார்பகப் பரிசோதனை அறிக்கைகளில் ஆளுக்கொரு சொல்லாட்சி இருந்ததால், அடுத்து என்ன செய்வது என்று சிகிச்சையளிக்கும் மருத்துவர்களுக்கே விளங்கவில்லை. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 1993-இல் இம்முறையை வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்நாட்டில் மேமோகிராம் தரச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. 1998-இல் அச்சட்டம் புதுப்பிக்கப்பட்டபோது ஒரு முக்கியமான கடமை சேர்ந்தது. மருத்துவருக்கு அனுப்பும் அறிக்கை தவிர, பரிசோதனை செய்துகொண்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் முடிவைச் சாதாரண மொழியில் எழுதி 30 நாள்களுக்குள் பரிசோதனை மையம் அனுப்பியாக வேண்டும். மார்பகத் திசுவின் அடர்த்தி குறித்தும் அப்பெண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

அந்த எண்ணை நாம் இறக்குமதி செய்துகொண்டோம். அதனுடன் இணைந்திருந்த கடிதத்தை விட்டுவிட்டோம்.

ஸ்கேன் மையங்கள் மீது நம் நாட்டில் சட்டத்தின் கண் படவில்லை என்று கூற முடியாது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் நிரப்பச் சொல்கிறது. எக்ஸ்ரே, சி.டி. கருவிகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். மருத்துவ ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னெறி விதிகள் கூறுகின்றன. கருவி, கதிர்வீச்சு, பாலினம், காகிதம் என எல்லாவற்றையும் கண்காணிக்கிறோம். காகிதம் கைக்கு வந்தால் போதும், பொருள் தானே விளங்கிவிடும் என்பது இவ்விதிகளின் உள்ளார்ந்த நம்பிக்கை.

பொருளாதார வல்லுநர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மருத்துவச் சந்தை பிற சந்தைகளைப் போன்றதன்று என்பதற்கு, நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையிலான அறிவு ஏற்றத்தாழ்வை முக்கியக் காரணமாகக் காட்டினார். நோயறிதல் துறைக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். ஸ்கேனுக்குப் பணம் கொடுப்பவர் வாங்குவது மருந்தை அன்று, தகவலை. அந்தத் தகவல் வாங்கியவருக்கே விளங்காவிட்டால் சரக்கு ஒப்படைக்கப்படவில்லை என்றே பொருள்.

பிரிவு 3 என்று சொல்லப்பட்ட பெண் ஆறு மாதம் கழித்து வரவில்லை என்றால் 'அலட்சியம்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர் கணக்கு வேறு. நகரப் பேருந்தில் கட்டணம் இல்லைதான். ஆனால், ஒரு நாள் வேலை போகும். 2025-26 நிதியாண்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழகத்துக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். வலி இல்லை, கட்டி வளர்ந்ததாகவும் தெரியவில்லை. எதற்காகப் போகிறோம் என்று தெரியாத பயணத்துக்கு அந்தக் கூலியை யார் இழப்பர்? சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-இல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 98 ஆயிரம் பேர் இறந்தனர். தாமதமாகக் கண்டறிவதே இவ்வளவு இறப்புகளுக்கு ஒரு பெருங்காரணம் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

கதிரியக்க மருத்துவர்களுக்கு நேரமில்லை என்ற மறுப்பு நியாயமானது. ஆனால், வகைப்பாட்டு முறையின் சிறப்பே அதில் ஏழு பிரிவுகள்தாம் என்பது. ஏழு பிரிவுக்கும் ஏழு தமிழ் வாக்கியங்களை ஒருமுறை எழுதிவிட்டால், எண்ணைத் தட்டச்சு செய்ததும் வாக்கியத்தைக் கணினியே அச்சிடும். 'கட்டி பெரும்பாலும் தீங்கற்றது. உறுதி செய்துகொள்ள ஆறு மாதத்தில் மீண்டும் படம் எடுக்க வேண்டும்' என்பதோடு, வர வேண்டிய தேதியும் வேண்டும். நம் ஊர்த் தாய்மார்கள் குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் பல ஆண்டுகள் பத்திரப்படுத்துகிறார்கள். அடுத்த ஊசி என்றைக்கு என்பது அதில் எழுதியிருக்கிறது. வராதவர்களை வீடு தேடிச் சென்று நினைவூட்ட, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் பணியாளர்கள் இருக்கிறார்கள்.

அரசு மருத்துவமனைகளில் ஸ்கேன் மையங்களை நடத்தும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இதைத் தன் மையங்களிலேயே தொடங்கலாம். வாக்கியங்களை மொழிபெயர்ப்பாளர்களிடம் விட்டுவிடாமல், கதிரியக்க மருத்துவர்களும் கிராமச் சுகாதாரச் செவிலியர்களும் சேர்ந்து எழுதி, நோயாளிகள் சிலரிடம் படித்துக் காட்டித் திருத்த வேண்டும். 4, 5 ஆகிய பிரிவுகளுக்கு மட்டும் அச்சிட்ட வாக்கியம் போதாது. அவர்களை அமர வைத்து ஒருவர் நேரில் சொல்ல வேண்டும். திசுப் பரிசோதனைக்கான நாளையும் அப்போதே குறித்துக் கொடுத்து அனுப்ப வேண்டும்.