பழைய கார்டு கடன்: தேதியைக் காட்டுங்கள், பிறகு பணம் கேளுங்கள்

வங்கிகள் வாராக்கடன் என்று ஒதுக்கிவிட்ட பழைய கிரெடிட் கார்டு கணக்குகள் பற்றி, பினாங்கின் பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் இயங்கும் எங்கள் பயனீட்டாளர் குழுவின் நிலைப்பாடு இது. கடைசியாகப் பணம் கட்டிய தேதியை எழுத்தில் காட்டாத எவரையும் அந்தக் கடனைக் கேட்டு நெருக்க அனுமதிக்கக் கூடாது. அந்தத் தேதி கைக்கு வரும்வரை கடனாளியும் ஒரு காசு கட்ட வேண்டாம், எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

வாங்கிய கடனைக் கட்டாதே என்று நாங்கள் சொல்லவில்லை. வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் ஒதுக்கி வைத்ததால் கடன் மன்னிக்கப்பட்டதாக ஆகாது. அப்படி நம்பிக் கடிதங்களைக் குப்பையில் போட்டவர்கள்தான் பின்னால் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

1972-ல் இங்கே தடையற்ற தொழில் வட்டாரம் தொடங்கியது முதல் நம் ஆட்களின் வரவு செலவு ஆலை ஆர்டரோடு ஏறி இறங்குகிறது. ஓவர்டைம் கிடைத்த காலத்தில் எடுத்த கார்டு, ஆட்குறைப்பு வந்ததும் கழுத்தை நெரிக்கிறது. ஆண்டு வருமானம் 36,000 ரிங்கிட் வரை உள்ளவர்கள் இரண்டு நிறுவனங்களின் கார்டுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2011-ல் வரம்பு விதித்தது. நல்ல விதிதான். ஆனால் ஒரு கார்டே போதும். 5,000 ரிங்கிட் பாக்கி ஆண்டுக்கு 18 விழுக்காட்டில் ஏழு ஆண்டு கிடந்தால், வட்டிக்கு வட்டி போடாமலே வட்டி 6,300 ரிங்கிட்.

தவணை மூன்று மாதம் தவறினால் கணக்கு செயல்படாக் கடனாகிறது. பிறகு அது ஒதுக்கப்படலாம், வசூல் நிறுவனத்துக்குப் போகலாம், வேறொருவருக்கே விற்கப்படலாம். பல ஆண்டு கழித்து வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதோ, முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வரும்போதோதான் பழைய கதை கிளம்புகிறது. “இன்றைக்கு 50 ரிங்கிட் மட்டும் போடுங்கள் அண்ணே, மற்றதைப் பிறகு பேசலாம்” என்பார்கள். அந்த 50 ரிங்கிட்டில்தான் சிக்கல்.

1953-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி இத்தகைய கடனுக்கு வழக்குத் தொடுக்க ஆறு ஆண்டு அவகாசம். கடனாளி சிறு தொகை கட்டினாலும், கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டாலும், அந்த நாளிலிருந்து ஆறு ஆண்டு புதிதாக ஓடத் தொடங்கும். இன்னொன்றைப் பலர் அறியார்: காலம் கடந்துவிட்டது என்று நீதிமன்றம் தானாகச் சொல்லாது. வழக்கு வந்தால் அதை நாம்தான் எதிர்வாதமாக வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்த சம்மனைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தால், எதிர்ப்பில்லாமல் தீர்ப்பு வந்துவிடும். அந்தத் தீர்ப்பை நிறைவேற்றப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பாக்கி 100,000 ரிங்கிட்டை எட்டினால் திவால் வழக்கும் வரலாம்.

ஆகவே முதலில் உங்கள் கடன் அறிக்கையைப் பாருங்கள். பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் அறிக்கையை இணையத்தில் இலவசமாகப் பெறலாம். அதில் கடைசி 12 மாதத் தவணை நிலவரம் இருக்கும். சிடிஓஎஸ் போன்ற தனியார் நிறுவனங்களின் அறிக்கையில் நீதிமன்ற வழக்குகளும் வரும். தவறிருந்தால் திருத்தக் கோரும் உரிமையை 2010-ஆம் ஆண்டுக் கடன் அறிக்கை நிறுவனங்கள் சட்டம் தருகிறது. “பேங்க் நெகாரா என் பெயரைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டது” என்று வருவோரிடம் நாங்கள் சொல்வது: அப்படி ஒரு பட்டியல் அங்கே இல்லை. கடன் தருவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அந்தந்த வங்கி.

கடன் உண்மை, அவகாசமும் முடியவில்லை என்றால் தீர்த்துவிடுவதே நல்லது. தொகையைக் குறைத்துப் பேசலாம். வங்கிகள் இறங்கி வருவதுண்டு. ஆனால் ஒப்புக்கொண்ட தொகை, முழுத் தீர்வு என்ற வாசகம், அறிக்கையைப் புதுப்பிக்கும் உறுதி மூன்றும் கடிதத்தில் வந்த பிறகே பணம் போக வேண்டும். பல கடன்களில் மாட்டியவர்கள் கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே நிறுவனத்துக்குப் போகலாம். பேங்க் நெகாரா 2006-ல் அமைத்தது அது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. கமிஷன் வாங்கிக்கொண்டு “பெயரைச் சுத்தம் செய்து தருகிறோம்” என்பவர்களை நம்ப வேண்டாம்.

நாடாளுமன்றம் 2025-ல் ஏற்ற நுகர்வோர் கடன் மசோதா, வசூல் நிறுவனங்களையும் வாராக்கடன் வாங்குவோரையும் கண்காணிப்பின் கீழ் கொண்டுவருகிறது. நாங்கள் வரவேற்கிறோம். அதன்கீழ் வரும் விதிகளில் மூன்று இடம்பெற வேண்டும்: ஒவ்வொரு கோரிக்கைக் கடிதத்திலும் கடைசித் தவணைத் தேதியும் அசல், வட்டிப் பிரிவும், ஆறு ஆண்டு கடந்த கடன் என்றால் அதைச் சொல்லும் எச்சரிக்கை, இவை கடனாளிக்குப் புரியும் மொழியில், தமிழ் உட்பட.

விதி வரும்வரை, அழைப்பு வந்தால் எழுத்தில் அனுப்பச் சொல்லி வைத்துவிடுங்கள். நீதிமன்றக் கடிதம் வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஒரு வழக்கறிஞரிடமோ சட்ட உதவி மையத்திடமோ போங்கள்.