விண்ணப்பப் படிவத்தில் தோற்கும் பிள்ளைகள்

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளில் எங்கள் ஊர்களில் யாருக்கும் தூக்கமில்லை. விடிந்தால் வட்ஸ்அப் குழுமங்களில் வாழ்த்துகள். ஒரு வாரத்திற்குள் பிரதான வீதியில் பதாகை. மூன்று 'ஏ' எடுத்தவரின் படம் பெரிதாக இருக்கும், மற்றவர்களின் படங்கள் ஓரத்தில் சிறிதாக இருக்கும். அந்தப் பதாகை வெயிலில் வெளிறுவதற்குள் இன்னொரு வேலை சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடுகிறது. அதுதான் பல்கலைக்கழக விண்ணப்பம். பதின்மூன்று வருடப் படிப்பு எங்கே போய்ச் சேரும் என்பதைத் தீர்மானிக்கும் அந்த வேலையை நம்மில் பலர் ஒரு கொமினிகேஷன் கடையில் அரை மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறோம்.

இதை எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் உயிரியல் பிரிவில் ஒரு பிள்ளை படித்தாள். வாப்பா ஆட்டோ ஓட்டுபவர். தாதியர் பட்டப்படிப்புத்தான் அவளுடைய ஆசை. விண்ணப்பக் காலத்தில் பாதையில் கண்டு, "போட்டாச்சா மகள்?" என்று கேட்டேன். "போட்டாச்சு டீச்சர்" என்றாள். அத்தோடு விட்டுவிட்டேன்.

வெட்டுப்புள்ளிகள் வந்த பிறகுதான் விசயம் தெரிந்தது. "தாதியருக்குப் போன முறை வெட்டுப்புள்ளி கூட. அத முதல்ல போட்டா மத்ததும் கிடைக்காமப் போகும்" என்று கடையில் யாரோ சொல்லியிருக்கிறார். அதை நம்பி, கிட்டிய பல்கலைக்கழகத்தின் வேறொரு கற்கைநெறியை முதலாவதாகவும் தாதியரை ஆறாவதாகவும் போட்டிருக்கிறாள். முதலாவது கிடைத்துவிட்டது. அவளுடைய இசட் புள்ளியோ எங்கள் மாவட்டத்தின் தாதியர் வெட்டுப்புள்ளியை விட அதிகம். அவள் இன்று படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். ஆனால் ஒரு விடுமுறையில் வந்தபோது, "அது கிடைச்சிருக்கும் தானே டீச்சர்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. அவர் தட்டச்சு செய்து கொடுப்பவர். கேட்டிருக்க வேண்டியவள் நான். நானும் பல்கலைக்கழகம் போனவள் அல்ல. ஆசிரியர் நியமனம் பெற்று, பிறகு கலாசாலையில் பயிற்சி முடித்தவள். மாணவியாக இருந்த காலத்தில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை ஒருநாளும் புரட்டியதில்லை. ஆசிரியையாகியும் நெடுநாள் புரட்டவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பிறகுதான் உட்கார்ந்து வாசித்தேன்.

முதலில் விளங்க வேண்டியது விருப்பத்தெரிவு ஒழுங்கு. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தனிக் குறியீடு உண்டு. மாணவர் எழுதிய வரிசையில் மேலிருந்து கீழாகப் பார்த்து, அவருடைய புள்ளிக்கு முதலாவதாக எது கிடைக்கிறதோ அதையே கொடுப்பார்கள். மேலே எழுதியது கிடைக்காவிட்டால் கீழே உள்ளதற்கான வாய்ப்பு குறைவதில்லை. ஆகவே உண்மையில் விரும்புவதை விரும்பும் ஒழுங்கிலேயே எழுத வேண்டும். கிடைக்குமா என்ற பயத்தில் வரிசையை மாற்றினால் நட்டம் நமக்கே. கடந்த வருட வெட்டுப்புள்ளி ஒரு வழிகாட்டி மட்டுமே. அது வருடத்திற்கு வருடம் மாறும்.

இரண்டாவது, மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, புத்தளம், மன்னார், அனுராதபுரம் ஆகியன அந்தப் பதினாறில் அடங்குகின்றன. எனவே கண்டியிலுள்ள சாச்சியின் மகளுக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக அக்கரைப்பற்றுப் பிள்ளை மனம் தளர வேண்டியதில்லை. கலைத்துறை போன்ற சிலவற்றுக்கு அகில இலங்கைத் திறமை மட்டுமே. இந்த வேறுபாடு தெரியாமல் வரிசை எழுதக் கூடாது.

மூன்றாவது, உளச்சார்புப் பரீட்சை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை போன்ற சில கற்கைநெறிகளுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது. தனியாக விண்ணப்பித்து, உளச்சார்புப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அந்த அறிவித்தலைத் தவறவிட்டால் எவ்வளவு புள்ளி இருந்தும் பயனில்லை. சட்டத்துறைக்குக் கலைப் பிரிவினர் மட்டுமல்ல, ஏனைய பிரிவினரும் விண்ணப்பிக்கலாம் என்பதும் நமது பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

நான்காவது சின்ன விசயம் போலத் தோன்றும். மின்னஞ்சல் முகவரியைக் கடையில் திறக்கிறார்கள். கடவுச்சொல் கடைக்காரரிடமே இருந்துவிடுகிறது. தொலைபேசி இலக்கம் மச்சானுடையது, அவர் கட்டாரில். தெரிவுச் செய்தி வந்தும் பிள்ளைக்குத் தெரியாமல், பதிவுத் திகதி கடந்துவிட்டால் கிடைத்த இடமும் போய்விடும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் எல்லோருக்கும் இடமில்லை என்பது கசப்பான உண்மை. அண்மைய ஆண்டுகளில் பல்கலைக்கழகம் செல்லத் தகுதி பெறுவோர் 150,000 பேரைத் தாண்டுகின்றனர். அரச பல்கலைக்கழகங்களில் அனுமதி பெறுவோரோ 50,000 பேரைக்கூட எட்டுவதில்லை. தேசிய கல்வியியற் கல்லூரிகள், உயர் தேசிய டிப்ளோமா, திறந்த பல்கலைக்கழகம் என்று வேறு கதவுகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனி இறுதித் திகதி. வெட்டுப்புள்ளி வரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு அதற்குள் இந்தக் கதவுகளும் மூடிவிடுகின்றன.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தூரம் பற்றிய உங்கள் கவலையை நான் இலேசாக எடுக்கவில்லை. நானும் ஒரு தாய். ஆனால் அந்தக் கவலையைப் படிவம் நிரப்பும் முன் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். விடுதி எப்படி, நம்மூர்ப் பிள்ளைகள் யார் அங்கே படிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். தூரமான பல்கலைக்கழகத்தை எழுதவிட்டு, கிடைத்த பிறகு "வேண்டாம்" என்பது அவளுக்குச் செய்யும் அநியாயம். விசாரிக்காமலே கிட்டியதை மட்டும் எழுத வைப்பதும் அதற்குக் குறைந்ததல்ல.

பாடசாலைகளிடமும் பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் நான் கேட்பது பெரிய திட்டம் எதுவுமில்லை. பெறுபேறு வந்த வாரத்தில் ஒரே ஒரு பின்னேரம் போதும். ஊரில் பல்கலைக்கழகம் சென்ற நான்கைந்து பிள்ளைகள், கைநூலின் சில பிரதிகள், இணைய வசதியுள்ள ஒரு மடிக்கணினி. மூன்று 'ஏ' எடுத்தவர் எப்படியும் வழி கண்டுகொள்வார். அன்று முதலில் அழைக்கப்பட வேண்டியவர்கள் மூன்று 'எஸ்' எடுத்தவர்களும் இரண்டு 'சி'யோடு வீட்டுக்குள் முடங்கியிருப்பவர்களும்தான். ஒரு பதாகைக்குச் செலவாகும் காசில் இதை நடத்தலாம்.

என் வகுப்புப் பிள்ளைகளிடம் இப்போது "போட்டாச்சா?" என்று கேட்பதில்லை. "வரிசையைக் கொண்டு வா, பார்ப்போம்" என்கிறேன்.