படம் நாங்க போட்டுக்கறோம், ப்ரொஜெக்டர் மட்டும் கொடுங்க

"உங்க ஊருக்கு வந்து ஒரு படம் போட்டுக் காட்டட்டுமா?" திருவான்மியூரில் என்கிட்ட காய் வாங்குகிற நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. நல்ல மனசோடதான் கேட்கறாங்க. ஆனா அவங்க சொல்ற படங்களைப் பார்த்தா பிளாஸ்டிக் ஒழிப்பு, நீர் சேமிப்பு, இயற்கை விவசாயம். பகலெல்லாம் சேத்துல நின்னவனுக்கு ராத்திரி விவசாயப் படமா? நீங்க ஆபீஸ் விட்டு வந்ததும் யாராவது எக்செல் பத்தி டாகுமெண்டரி போட்டா உட்கார்ந்து பார்ப்பீங்களா?

ஊர்ல சினிமா வேணுங்கறதுல எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. அதை யார் நடத்தறாங்க என்பதுதான் என் பிரச்சினை.

தமிழ்நாட்டில் சினிமா ஊர் ஊராகச் சுற்றியே வளர்ந்தது. 1905இல் திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து ப்ரொஜெக்டர் வாங்கி, டென்ட் போட்டுக் காட்ட ஆரம்பிச்சார். பிறகு வந்த டூரிங் டாக்கீஸ்களை எங்க தலைமுறை மறக்காது. மணல் தரை, ஆம்பளை பொம்பளைக்கு நடுவுல குட்டைச் சுவர், இடைவேளையில் முறுக்கு. சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போறாங்கன்னு அர்த்தம். வயலில் இருக்கிறவங்க அவசரமா கை கால் கழுவுவாங்க. டென்ட் கொட்டகைக்குக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் லைசென்ஸ். டிவி வந்தது, டெக் வந்தது, கொட்டகை போச்சு. திருவான்மியூரிலும் அதே கதைதானே? ஜெயந்தி தியேட்டர் இல்லை, சிக்னலுக்குப் பேர் மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஆனா உங்களுக்கு தியாகராஜா மல்டிபிளக்ஸா மாறி நின்னுச்சு. எங்களுக்கு மாற்று எதுவும் வரல. ஆளுக்கொரு போன் வந்தது. இப்போ ஒரே திண்ணையில் நாலு பேர் நாலு படம் பார்க்கறாங்க. எங்க அம்மா வயசுக்காரங்களுக்கு அந்தச் சின்னத் திரையில் முகமே தெரியறதில்ல. சாயங்காலம் அவங்க வெளியே வர்றதுக்குக் கோயிலை விட்டா வேற காரணமும் இல்லை.

ஸ்காட்லாந்தில் 'ஸ்கிரீன் மெஷின்' என்று ஒரு லாரி 1998 முதல் ஓடுது. கப்பலில் ஏறித் தீவுகளுக்குப் போய், பக்கவாட்டில் விரிந்து 80 இருக்கை தியேட்டராகும். தியேட்டரே இல்லாத தீவுக்குப் பெரிய விஷயம்தான், ஒத்துக்கறேன். ஆனா எனக்கு அதைவிடப் பிடிச்சது, அதே பிரிட்டனில் கிராமத்துப் பொது மண்டபங்களில் ஊர்க்காரங்களே சம்பளமில்லாம நடத்தற சின்னச் சின்ன சினிமாக்கள். ஒருத்தர் நாற்காலி போடுவார், ஒருத்தர் டிக்கெட் கிழிப்பார், ஒருத்தர் டீ போடுவார். என்ன படம்னு அவங்களே உட்கார்ந்து முடிவு பண்ணுவாங்க. லாரி போயிட்டா படமும் போயிடும். இதுல ஆள் அங்கேயே இருக்காங்க.

நம்ம பக்கத்திலும் நடந்திருக்கு. சென்னையில் 1957லேயே மெட்ராஸ் ஃபிலிம் சொசைட்டி வந்தது; அது நகரத்து ரசிகர்களோடு நின்றுவிட்டது என்பது என் வருத்தம். கேரளத்தில் ஜான் ஆபிரகாம், நம்ம தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தவர்தான், 1984இல் நண்பர்களோடு ஒடேசா என்ற குழுவை ஆரம்பிச்சார். ஊர் ஊராகச் சாப்ளினின் 'தி கிட்' படத்தைப் போட்டுக் காட்டி, ஜனங்க கொடுத்த சில்லறையைச் சேர்த்து 1986இல் 'அம்மா அறியான்' எடுத்தாங்க. பாருங்க, சாப்ளின்! அறிவுரை சொல்லல, முதல்ல சிரிக்க வைச்சாங்க.

எங்களுக்கு இதுல பெரிய செலவு கிடையாது. கல்யாண சவுண்ட் சர்வீஸ்காரர் ஊர்லயே இருக்கார், ஸ்பீக்கர் அவர் பொறுப்பு. பம்ப்செட்டுக்குத்தான் த்ரீ ஃபேஸ் வேணும், ப்ரொஜெக்டருக்கு வீட்டு லைனே போதும். இடம்? சம்பா அறுத்த வயல் காலியாத்தான் கிடக்கும். மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம், வெள்ளைத் துணியில் ஈசல் மொய்த்து கதாநாயகி முகத்தை மறைச்சிடும். உரிமை விஷயத்தையும் விசாரிச்சேன்: இந்தியாவில் ஒரு படத்தின் காப்புரிமை, அது வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அதனால 1950களின் படங்களிலிருந்து தொடங்கலாம்னு இருக்கோம். புதுப்படம் வேணும்னா உரியவங்ககிட்ட முறையா அனுமதி வாங்கணும், ஓசியில் டவுன்லோட் பண்ணிப் போடக்கூடாது. அந்தக் கடிதம் எழுத உங்களை மாதிரி ஆள் உதவினால் நல்லது.

அதனால திருவான்மியூர் நண்பர்களே, உங்க வீட்டுப் பரணில் தூங்கற ப்ரொஜெக்டர் இருந்தா கொடுத்தனுப்புங்க. எங்க பசங்க ரெண்டு பேருக்கு அதை ரிப்பேர் பார்க்கவும் கத்துக் கொடுங்க. படம் பார்க்க வாங்க, பாயில் உட்காருங்க. முன்னாடி நின்னு பேச்சு மட்டும் வேண்டாம்.

முதல் படம் எதுன்னு இப்பவே ஊர்ல தகராறு. பெண்கள் மொத்தமும் 'மாயா பஜார்' பக்கம். பெருசுங்க 'நாடோடி மன்னன்'தான்னு பிடிவாதம். ஞாயித்துக்கிழமை ஆலமரத்தடியில் கை தூக்கச் சொல்லி எண்ணப் போறோம்.