அப்பத்தா, இது சில்லுதானே?



விடுமுறையில் எட்டு வயதுப் பேத்தியைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். மதுரையிலிருந்து சிலைமானைத் தாண்டினால் வந்துவிடுகிறது. செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தூணுமாகக் கட்டி, 2023 மார்ச்சில் திறந்தார்கள்.

நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். 'சீக்கிரம் வா, அடுத்த ரூமைப் பார்க்கணும்' என்று பிள்ளையை இழுத்துக்கொண்டே போனேன். நாம் எல்லோரும் செய்வதுதானே?

அவள் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றவள் நகரவில்லை. உள்ளே, பானை ஓட்டை உரசி வட்டமாக்கிய துண்டுகள். "அப்பத்தா, இது பாண்டிச் சில்லுதானே?" அதேதான்! அங்கே தோண்டியதில் இப்படி நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பக்கத்தில் பகடைக்காய்களும் இருந்தன. பத்து போர்டு படித்தும் எனக்கு உறைக்காதது அவளுக்கு ஒரு சில்லில் புரிந்துவிட்டது: அங்கேயும் பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள்.

அன்றைக்கு அதற்கு மேல் எதையும் அவசரப்படுத்தவில்லை. பாதி அறைகளைப் பார்க்காமலே திரும்பினோம். போகட்டுமே!

மிச்சத்தை வீட்டில் செய்தோம். பழைய பிளாஸ்டிக் டப்பில் மணல், செம்மண், சாம்பல் என்று அடுக்கி, நடுவே பானை ஓடும் ஒரு ரூபாய்க் காசும் புதைத்தேன். தோண்டுவதற்கு அவள் கையில் ஸ்பூன், பெயின்ட் பிரஷ், ஸ்கேல். ஒரே ஒரு கண்டிஷன்: எது கிடைத்தாலும் எத்தனை சென்டிமீட்டரில் கிடைத்தது என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டைச் சோதித்துத்தான் கி.மு. 580 என்று காலம் சொன்னார்கள். எந்த ஆழம் என்று குறிக்காமல் அள்ளியிருந்தால் அது அடுப்புக்கரிதான். அகழாய்வுப் பள்ளத்தில் கிடக்கும் ஓட்டை 'ஞாபகத்துக்கு' என்று பையில் போடக்கூடாது என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்து தமிழி எழுத்து. கீழடி ஓடுகளில் 'ஆதன்' என்று பெயர் கீறியிருக்கிறதே, அந்த எழுத்து. அதில் 'க' என்பது நம் கூட்டல் குறி. 'ர' வெறும் நேர்க்கோடு. "கணக்கு நோட்டு பூரா 'க'வா?" என்று ஒரே சிரிப்பு. ஆணியால் ஓட்டில் தன் பெயரைக் கீற ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை யாரும் செல்போனைக் கேட்கவில்லை.

இப்போது மொட்டைமாடியில் பாண்டிக் கட்டம் போட்டாகிவிட்டது. சில்லுக்குத்தான் தட்டுப்பாடு. போன வாரம் எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானை 'தானாக' உடைந்தது.

அன்புடன்,
ஆசிரியர்