வாடகைக் காரும் வெற்று ஓட்டமும்

2019-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சென்னையில் செய்தியாளர்களைச் சந்தித்த மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அவர்கள், கார் விற்பனை சரிந்ததற்கு ஒரு காரணம் கூறினார்கள். இளைய தலைமுறையினர் மாதத் தவணையில் கார் வாங்குவதை விட ஓலா, ஊபர் போன்ற வாடகைக் கார்களையே நாடுகின்றனர் என்பதே அது. அதற்கு முந்திய ஆகஸ்டில் பயணிகள் வாகன விற்பனை, ஓராண்டுக்கு முன்பிருந்ததை விட 31 விழுக்காட்டிற்கும் மேல் வீழ்ந்திருந்தது. அமைச்சரின் பேச்சைக் கேட்டுப் பலர் நகைத்தனர். நாம் நகைப்பதற்கு முன் சற்றே சிந்திப்போம்.

சொந்தக் கார் வேண்டாம், வாடகைக் கார் போதும்; பணமும் மிச்சம், காற்றும் தூய்மை என்று வாசகர்களாகிய உங்களில் பலர் எண்ணக்கூடும். தவணைக் கடனில் வட்டி கலந்திருக்கின்றதே என்று தயங்கும் நம் இல்லங்களுக்கு இவ்வெண்ணம் இன்னும் இனிக்கவே செய்யும். பணம் மிச்சம் என்பது பெரும்பாலும் உண்மையே. காற்றைப் பற்றிய செய்திதான் வேறு.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட முடிவைக் கேளுங்கள். இத்தகைய வாடகைக் கார்கள் நுழைந்த நகரங்களில் பதிவான வாகனங்களின் எண்ணிக்கை குறையவில்லை, சராசரியாக 0.7 விழுக்காடு கூடியிருந்தது. இதில் வியப்பென்ன? வாடகைக்கு ஓட்டுவதற்கும் ஒருவர் கார் வாங்கத்தானே வேண்டும்! நம் நாட்டிலும் கடன் பெற்றுக் கார் வாங்கி ஓட்டுநரானோர் ஏராளம்.

அடுத்தது வெற்று ஓட்டம். இதை மரக்காணத்து மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. உப்பு மூட்டைகளை ஏற்றிச் சென்ற லாரிக்கு 'ரிட்டன் லோடு' கிடைக்காவிடில், திரும்பும் வழி டீசலும் உப்பின் தலையில்தான் விழும். வாடகைக் காரும் அவ்வாறே. ஒருவரை இறக்கிவிட்டு அடுத்தவரை ஏற்றும் வரை அது காலியாகவே ஓடுகின்றது. கலிபோர்னியா அரசின் காற்று வள வாரியம் 2018-ஆம் ஆண்டின் ஓட்டத்தைக் கணக்கிட்டபோது, ஓடிய தூரத்தில் ஏறத்தாழ 39 விழுக்காடு பயணியில்லா ஓட்டம் எனக் கண்டது. பேருந்திலோ மிதிவண்டியிலோ சென்றிருக்கக் கூடியவரும் காரில் ஏறிவிடுகின்றார். இவை யாவும் சேர்ந்து, இப்பயணங்கள் தாம் இடம்பிடித்த பழைய பயணங்களை விட 69 விழுக்காடு கூடுதலாகப் புகையை வெளியிடுகின்றன என்று அந்நாட்டு அறிவியலாளர் அமைப்பொன்று 2020-இல் கூறியது. (பக்கிங்ஹாம் கால்வாயில் தோணியேறிச் சென்னை சென்ற நம் பழைய உப்பு, புகை என்பதையே அறியாது!)

இது எங்கோ நடக்கும் கணக்கன்று. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நம் உப்பளங்கள் நீரில் மூழ்கின. ஒரு புயலைச் சுட்டி இன்ன புகையால் வந்ததென்று உரைத்தல் முறையன்று. ஆயினும் வளிமண்டலம் சூடேறச் சூடேறப் பெருமழை வலுக்கும் என்பது அறிவியல். பாத்தி கரைந்தால் உப்பளத் தொழிலாளிக்குக் கூலி ஏது? அருகிலுள்ள கழுவேலியோ 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலமாகும்.

அவ்வாறெனில் சொந்தக் கார் வாங்குவதா? அதுவும் என் கருத்தன்று. வாசலில் கார் நின்றால் தெருமுனைக் கடைக்கும் அதுவே புறப்படும். ஆண்டில் சில முறை மட்டும், நிக்காஹ், மருத்துவமனை என்று கார் தேவைப்படும் குடும்பத்திற்கு வாடகைக் காரே ஏற்றது. அன்றாடம் திண்டிவனம் செல்வோர்க்குப் பேருந்து இருக்கின்றது. சென்னைக்கு அமர்த்தும் காரில் திரும்பும் வழி வாடகையையும் ஓட்டுநர் கேட்கும்போது சினங்கொள்ளாதீர்கள். வெற்று ஓட்டத்தின் விலை அது. அதே நாளில் அங்கிருந்து ஊர் திரும்பும் உறவினர் எவரேனும் உளரா என்று முதல்நாளே விசாரித்து, அவர்களை அக்காரிலேயே ஏற்றி வரச் சொல்லுங்கள்.