பழகாத கவசம்



புதிய பொருளைப் பத்திரமாக எடுத்து வைப்பது நம் வீடுகளில் ஒரு நற்குணமாகவே எண்ணப்படுகிறது. சீராக வந்த பாத்திரம் பரணில் இருக்கும். பட்டுப்புடவை பெட்டியில் மடிந்திருக்கும். அதனால் பாத்திரத்திற்கும் புடவைக்கும் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால், கிரிக்கெட் ஆடும் பிள்ளைக்கென்று வாங்கிய கால்காப்பை, அதாவது மட்டை பிடிப்பவர் இரு கால்களிலும் கட்டிக்கொள்ளும் 'பேடு' என்பதை, போட்டி நாள் வரையில் அலமாரியில் பூட்டி வைப்பது தவறு என்பதே இவ்வாரம் நான் சொல்ல விரும்பும் காரியம். இது அற்பமான காரியமாகத் தோன்றலாம். பிள்ளையின் காலும், அவன் மனமும், பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் இதில் அடங்கியிருக்கிறபடியால், சற்றுப் பொறுமையுடன் வாசியுங்கள்.

செஞ்சியைச் சுற்றியுள்ள நம் ஊர்களில் பிள்ளைகள் முதலில் ஆடுவது டென்னிஸ் பந்தில்தான். அதற்குக் கால்காப்புத் தேவையில்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த தங்கராசு நடராஜன், 2020 டிசம்பரில் இந்திய அணிக்காக ஆஸ்திரேலியாவில் களம் இறங்கினார் என்பதை நம் வாலிபர்கள் நன்கு அறிவார்கள். அத்தகைய பாதையில் செல்ல விரும்பும் எந்தப் பிள்ளையும் ஒரு நாளில் தோல்பந்துக்கு மாறியே ஆகவேண்டும். ஆடவர் ஆட்டத்தின் தோல்பந்து ஏறக்குறைய 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ளது. கல்லைப் போன்ற கடினமுடையது. முழங்காலுக்குக் கீழே தசை குறைந்த எலும்பின்மேல் அது பட்டால் என்னவாகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அன்றுதான் கால்காப்பு முதன்முதலாகத் தேவைப்படுகிறது.

இந்தக் காப்பு ஒரே நாளில் உண்டானதன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ராபர்ட் ராபின்சன் என்னும் ஆட்டக்காரர் மெல்லிய பலகைகளைத் தம் கால்களில் கட்டிக்கொண்டு ஆடினார் என்றும், பந்து பட்டபோது எழுந்த ஓசையைக் கேட்டுப் பிறர் நகைத்ததால் அதைக் கைவிட்டார் என்றும் சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் பிரம்புக் குச்சிகளை வரிசையாக வைத்து, பஞ்சு அடைத்து, வெண்தோல் போர்த்திய காப்புகள் வந்தன. இன்று இலேசான நுரைப்பொருளும் செயற்கைத் தோலும் பெரும்பாலும் அவ்விடத்தைப் பிடித்துவிட்டன. உத்தரப் பிரதேசத்து மீரட்டும் பஞ்சாபின் ஜலந்தரும் இத்தொழிலுக்குப் பேர்பெற்றவை; 1947இன் பிரிவினையில் சியால்கோட்டை விட்டு வந்த கைவினைஞர்கள் அங்கே இதை வளர்த்தார்கள்.

எத்தனை நேர்த்தியாகத் தைத்திருந்தாலும், புதிய காப்பு விறைப்பாகவே இருக்கும். முழங்கால் மடங்கும் இடத்தில் அது மடங்காது. வார்கள் ஒன்று இறுக்கும், இல்லையேல் நழுவும். நடக்கையில் இரு காப்புகளும் ஒன்றோடொன்று உரசும். நின்று ஆடும்போது இது அவ்வளவாகத் தெரியாது, ஓடும்போது தெரியும். ஆடுகளத்தின் நீளம் 22 கஜம். இரு முனைகளிலும் உள்ள எல்லைக்கோடுகளுக்கு இடையே ஓடவேண்டிய தூரம் 58 அடி. இரண்டு ஓட்டம் எடுக்க, மறுமுனையில் குனிந்து, மட்டையை நீட்டிக் கோட்டைத் தொட்டுத் திரும்ப வேண்டும். குனியவொட்டாத காப்பை அன்றைக்குத்தான் முதலில் கட்டியவன் அந்தத் திருப்பத்திலே நொடியில் ஒரு பங்கை இழக்கிறான். நடுவர் விரலை உயர்த்திவிடுகிறார். பார்த்திருந்தவர்கள் அவனைச் சோம்பேறி என்கிறார்கள். பிள்ளையோ தனக்குத் திறமையில்லை என்று நம்பிக்கொண்டு வீடு திரும்புகிறான். அவனிடத்தில் குறையில்லை; காப்பிடத்திலும் குறையில்லை. இரண்டும் ஒன்றையொன்று அறிய நாம் நாள் கொடுக்கவில்லை.

இதை எண்ணும்போது 1 சாமுவேல் 17ஆம் அதிகாரத்தைத் தவிர்க்க முடியவில்லை. சவுல் தன் கவசத்தையும் தலைச்சீராவையும் தாவீதுக்கு அணிவிக்கிறான். தாவீது நடந்து பார்த்துவிட்டு அவற்றைக் களைந்து விடுகிறான். சவுல் ஜனங்களெல்லாரிலும் உயரமானவன் ஆனபடியால், அளவு பொருந்தவில்லை என்றே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் தாவீது சொல்லும் காரணம் அளவன்று. தனக்கு அவற்றில் பழக்கமில்லை என்பதே. கவசம் கெட்டது என்று அவன் சொல்லவில்லை. பிற்காலத்தில் அவனே போர்வீரர்களின் தலைவனானான். கவணோ, ஆடு மேய்த்த நாட்களிலேயே அவன் கைக்குப் பழகியிருந்தது. சவுலின் எண்ணம் நல்லெண்ணந்தான். யுத்த நாளின் காலையில் கொடுத்ததே பிழை. போட்டி நாளின் காலையில் அலமாரியைத் திறக்கும் நாமும் அதே நல்லெண்ணத்தோடு அதே பிழையைச் செய்கிறோம்.

'பழக்குதல்' என்னும் சொல் நம் ஊருக்குப் புதியதன்று. தேசிங்கு ராஜன் 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது மடிந்தது வரலாறு. அவனைக் குறித்த கதைப்பாடலோ, எவருக்கும் அடங்காத குதிரையை அவன் வசப்படுத்தியதைப் பெருமையாகச் சொல்லுகிறது. குதிரையைப் பழக்குகிறவன் தானும் குதிரைக்குப் பழகுகிறான். கால்காப்பும் அப்படியே: காப்பு காலின் வளைவைக் கற்றுக்கொள்ளுகிறது, கால் காப்பின் பாரத்தைக் கற்றுக்கொள்ளுகிறது. இவ்விரண்டையும் அலமாரி கற்றுத் தராது.

ஆகையால் பெற்றோருக்கும், வாலிபரை நடத்துகிறவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். போட்டிக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே காப்பைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். இடது எது, வலது எது என்று அவனே கண்டறியட்டும். வார்கள் காலின் வெளிப்புறத்தில் முடியவேண்டும். முழங்கால், காப்பின் முழங்கால் மெத்தைக்கு நடுவே அமையவேண்டும். கீழ்வார் உறுதியாகவும், முழங்காலுக்குப் பின்னுள்ள வார் சற்றுத் தளர்வாகவும் இருக்கட்டும். முதலில் வீட்டிலேயே கால்மணி நேரம் கட்டிக்கொண்டு நடக்கட்டும், உட்கார்ந்து எழட்டும். பின்பு மைதானத்தில் மட்டையோடு ஓடித் திரும்பட்டும். அதன்பின் டென்னிஸ் பந்தையும், கடைசியாகத் தோல்பந்தையும் எதிர்கொள்ளட்டும். வியர்வையில் நனைந்த காப்பை மொட்டைமாடி வெயிலில் காய வைக்காமல் நிழலில் உலர்த்துங்கள். கடும் வெயில் மேலுறையை வெடிக்கச் செய்யும்.

அழுக்காகிவிடுமே, விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்பீர்கள். அந்தத் தயக்கம் வறுமையை அறிந்த வீடுகளின் தயக்கம். அதை நான் இகழவில்லை. ஆயினும் பந்தின் சிவப்புத் தழும்புகள் காப்புக்கு அவமானமல்ல. ஒவ்வொரு தழும்பும் பிள்ளையின் எலும்பு தப்பிய கணக்கு. வளருகிற பிள்ளைதானே என்று இரண்டு அளவு பெரியதாக வாங்குவதும் சிக்கனமாகாது. தொடையை இடிக்கும் காப்போடு ஓடி விழுகிறவன் இரண்டு வருஷம் கழித்து அதைக் கட்ட மைதானத்தில் இருக்கமாட்டான். ஒரு ஜோடியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் இடங்களில், பயிற்சி நாட்களிலேயே முறைவைத்துக் கொடுங்கள். காலுக்குச் சிறிதானவுடன் இளையவனுக்குக் கொடுத்துவிடுங்கள். பழகிய காப்பு அவனுக்குப் புதியதைவிட நல்லது.

பொறுப்புகளையும் நாம் இப்படியே பூட்டி வைக்கிறோம். இருபது வருஷம் வாலிபனைப் பின்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, ஒரு நாள் திடீரென்று கணக்குப் புத்தகத்தையும் சாவிக்கொத்தையும் அவன் கையில் திணிக்கிறோம். அவன் தடுமாறினால், இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று குறை சொல்லுகிறோம். ஞாயிறு வாசிப்பு, சிறு பிள்ளைகளின் வகுப்பு, ஒரு சிறிய கூடுகையின் செலவுக் கணக்கு என்று, தவறினாலும் பெரிய சேதம் வராத இடங்களில் முன்னமே பழகவிடுகிறது நம் கடமை.

இந்த வாரம் உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். யாருக்காகவோ வாங்கி, கெட்டுவிடுமோ என்று அஞ்சி எடுத்து வைத்தது அங்கே இருக்குமானால், அதை உரியவனிடத்தில் இன்றே கொடுத்துவிடுங்கள்.

பிள்ளைகளின் கால்களைக் கர்த்தர் காப்பாராக. ஆமென்.